அட்லஸ் அலமாரிக்குப் பின்னால் ஒரு இருக்கை

மார்ச் 4

நாத்தனாருக்கு,

உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். அலுவலக மெயிலில் எழுதலாம் என்றால், உங்கள் தலைமை நூலகத்தில் வாங்கி வைத்திருக்கிற மெஷின் எந்த மெயிலையும் மூன்று வரியாகச் சுருக்கித்தான் உனக்குக் காட்டுமாம். நான் திட்டுவது சுருங்கக்கூடாது. அதனால்தான் தாளும் பேனாவும். உன் அண்ணனிடம் சொல்லி அனுப்பலாம் என்றும் நினைத்தேன். ஆனால் அவர் நான் பத்து வார்த்தை திட்டினால் எட்டை விழுங்கிவிட்டு, "அண்ணி கொஞ்சம் வருத்தமா இருக்கா" என்று உன்னிடம் சொல்லுகிற ஆள்.

உன் மாநாட்டுப் பேச்சைப் பார்த்தேன். எங்கள் அட்டெண்டர்தான் போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "மேடம், நம்ம லைப்ரரி வருது, பாருங்க பாருங்க." பாவம், சந்தோஷமாகத்தான் கொண்டுவந்தார்.

நீ மேடையில் நிற்கிறாய். பின்னால் உன்னைவிட நாலு மடங்கு உயரத்தில் ஒரு திரை. அதில் 'இன்றைய நூலகம்' என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே எங்கள் வாசிப்பறை. ஜனவரியில் வந்து, "சும்மா நாலு படம் எடுத்துக்கறேன் அண்ணி, உள் உபயோகத்துக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, நான் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே எடுத்தாயே, அந்தப் படம். அட்லஸ் அலமாரிக்குப் பின்னால் இருக்கிற மேசை. அதில் ஒரு பெண் கன்னத்தைப் புத்தகத்தின் மேல் வைத்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். அவருக்கு முன்னால், 'பைண்டிங்குக்கு அனுப்ப வேண்டியவை' என்ற போர்டு.

அரங்கமே சிரித்தது. சிரிப்பு அடங்குகிறவரை நீ காத்திருந்தாய். ஒரு வாய் தண்ணீர் குடித்தாய். அது அடங்குகிற சமயம் பார்த்து, "இவங்களைத்தான் நாம எழுப்பணும்" என்றாய். மறுபடியும் சிரிப்பு.

அவர் யார் என்று உனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. நான் சொல்கிறேன். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் இரவு வேலை பார்க்கிறவர். நாங்கள் 'ஷிப்ட் அக்கா' என்போம். தங்கை குடும்பத்தோடு ஒரே அறையில் இருக்கிறார். பகலில் அங்கே பிள்ளைகள் போடும் கூச்சலில் கண் மூட முடியாது. நாங்கள் கதவு திறந்ததும் வருவார், கொஞ்சம் படிப்பார், தூங்குவார், எழுந்து போவார். நம் விதிகளில் சத்தம் போடக்கூடாது, தின்னக்கூடாது, கிறுக்கக்கூடாது என்றெல்லாம் இருக்கிறது. தூங்கக்கூடாது என்று எங்கேயும் இல்லை. வேண்டுமானால் எடுத்துப் பார்.

அந்த போர்டை வைத்தது நான். பைண்டிங் புத்தகம் அடுக்கியிருக்கிற மேசையில் யாரும் உட்காரமாட்டார்கள், தூசிக்குப் பயந்து. அவருக்கு எதிரில் எவனாவது உட்கார்ந்து முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாதே என்று தினமும் போர்டையும் ஐந்தாறு கிழிந்த புத்தகங்களையும் கொண்டுபோய் வைப்பேன். நான் செய்த ஏற்பாட்டை நீ நகைச்சுவைத் துணுக்காக ஆக்கிவிட்டாய்.

அவரிடம் யாரோ அந்தப் படத்தைக் காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

எனக்கு வேண்டியது ரொம்பப் பெரிய விஷயமில்லை. அந்தப் படம் எங்கேயும் இருக்கக்கூடாது. அவர் அந்த இடத்தில் திரும்ப வந்து உட்கார வேண்டும். அதற்கு நீ என்ன செய்யப்போகிறாய் என்று எழுது. சுருக்காமல் எழுது.

அண்ணி

*

மார்ச் 11

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. பக்கத்து மேசைக்காரி, "என்னங்க, கையால எழுதின லெட்டரா?" என்று அதிசயமாக எட்டிப் பார்த்தாள்.

முதலில் ஒன்று. நான் யாரையும் வேண்டுமென்றே அவமானப்படுத்தவில்லை. எல்லாப் படங்களையும் முகம் மறைக்கும் மென்பொருளில் போட்டுத்தான் பேச்சில் சேர்த்தேன். அது எங்கள் பிரிவின் விதி, எழுதியதே நான்தான். உங்கள் கடிதம் வந்த பிறகு அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். அலமாரியில் இருக்கிற புத்தக அட்டைகளில் சிரித்துக்கொண்டிருக்கும் எழுத்தாளர்கள் முகத்தையெல்லாம் அது மறைத்திருக்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் நிறுவனர் முகத்தை மறைத்திருக்கிறது. ஓரத்தில் பாதி தெரிகிற உங்கள் முகத்தைக்கூட மறைத்திருக்கிறது. அவர் முகத்தை மட்டும் விட்டுவிட்டது. அந்த மென்பொருள் கம்பெனிக்காரரைக் கேட்டேன். "அது சாய்ஞ்சு கிடக்குற முகம் மேடம். நிமிர்ந்த முகத்துக்குத்தான் நாங்க பழக்கியிருக்கோம்" என்றார். ஏதோ அந்த அம்மா சாய்ந்ததுதான் தப்பு என்கிற மாதிரி.

நான் ஒருமுறை கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மறைத்தாகிவிட்டது என்று மெஷின் பச்சை விளக்குக் காட்டியது, நம்பிவிட்டேன்.

ஆனால் அண்ணி, நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள். நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து உங்களுக்கு என் வேலை ஒரு கேலி. 'ரிமோட் அமுக்குகிற உத்தியோகம்' என்று வீட்டு விசேஷத்தில் எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு என் முகத்தையும் யாரும் மறைக்கவில்லை. கிளை நூலகங்களை மூடிவிடலாம் என்று மேலே ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறார்கள். கையில் ஏதாவது புதுசாக இருந்தால்தான் என்னால் 'மூடாதீர்கள்' என்று சொல்ல முடிகிறது. அந்த மேடை எனக்குப் பெருமையில்லை, ஒரு கவசம். அது உங்களுக்குப் புரியாது.

பேச்சின் பதிவு மாநாட்டுக் குழுவிடம் இருக்கிறது. எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

இன்னொரு யோசனையும் வந்தது. கோபப்படாமல் படியுங்கள். அந்த அம்மா என்ன படிக்கிறார்கள்? ஏதாவது பரீட்சைக்குத் தயார் செய்கிறார்களா? அப்படியென்றால் அடுத்த மாத மாநாட்டில் அவர்களையே வெற்றிக் கதையாகக் காட்டிவிடலாம். 'இரவெல்லாம் உழைத்து, பகலில் படிக்கும் பெண்' என்று. சிரித்தவர்களே எழுந்து நின்று கைதட்டுவார்கள். எல்லாம் சரியாகிவிடும்.

உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டிய சேதி ஒன்று. இருக்கை சென்சார்களை முதலில் பொருத்துவதற்கு உங்கள் கிளையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எந்த இருக்கை எவ்வளவு பயன்படுகிறது என்று கணக்கு வரும். அசையாமல் இருக்கிறவர்களிடம் மேசை விளக்கே மெதுவாகப் பேசி உதவி வேண்டுமா என்று கேட்கும். இது தண்டனை இல்லை. உங்கள் கிளை மூடப்படாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

அண்ணன் போன் செய்தார். "அவ கொஞ்சம் வருத்தமா இருக்கா" என்றார்.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 19

நாத்தனாருக்கு,

உன் 'வெற்றிக் கதை' யோசனையைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தேன். நிஜமாகவே கழுவினேன், சோப்புப் போட்டு.

அவர் என்ன படிக்கிறார் என்று கேட்டாய் அல்லவா? கொலைக்கதை. ஒன்றுவிடாமல் கொலைக்கதை. எங்கள் துப்பறியும் அலமாரியை மேல்தட்டிலிருந்து ஆரம்பித்து வரிசையாகத் தின்றுகொண்டு வருகிறார். எந்தப் பரீட்சையும் எழுதவில்லை. எந்த வேலைக்கும் விண்ணப்பிக்கவில்லை. யார் கொன்றது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவர் லட்சியம். இப்போது சொல், இவருக்குத் தூங்க அனுமதி உண்டா? பரீட்சைக்குப் படிக்கிறவர் கண் அசந்தால் கைதட்டல், கொலைக்கதை படிக்கிறவர் கண் அசந்தால் கேலியா? ஒரு மனுஷி நாற்காலியில் உட்கார்வதற்கு இத்தனை தகுதிச் சான்று கேட்கிற புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது? உன் அம்மா வீட்டில் அப்படி யாரும் இல்லையே.

உன் சென்சார் ஆட்கள் வந்து மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் ஒரு பொட்டு, ஒவ்வொரு மேசையிலும் ஒரு விளக்கு. விளக்கின் கழுத்தில் கடுகளவு கண். துணிக்கடை வாசலில் நின்று 'வாங்க வாங்க' என்று கூப்பிடுகிறவர் குரல் அதற்கு. தேன் ஒழுகுகிறது. கேட்டாலே பல் கூசுகிறது.

செய்தித்தாள் பெரியவரை உனக்குத் தெரியும். விளையாட்டுப் பக்கத்தைத் தவிர எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படிப்பார். அவரிடம் போய், "வணக்கம்! உங்களுக்கு உதவி தேவையா?" என்றது. அவர் பதறி எழுந்து விளக்கைக் கும்பிட்டார். சதுரங்கப் புதிரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாஸ்டரிடமும் கேட்டது. அவர், "குதிரையை எங்க வைக்கிறதுன்னு சொல்லேன்" என்றார். "தங்கள் கேள்வி பதிவு செய்யப்பட்டது" என்றதாம். நேற்று ஒரு இளம்பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. அழ இடம் கிடைத்ததே என்று விட்டுவிட்டேன். விளக்கு விடவில்லை. "புதிய வரவுகளைப் பார்க்க விரும்புகிறீர்களா?" என்று கேட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள். அழுகிறவளிடம் புதிய வரவு விற்கிறீர்கள். சீ.

இனி, நான் எழுத விரும்பாத ஒன்று. ஷிப்ட் அக்காவின் தங்கை வந்திருந்தார், அக்கா வீட்டுக்கு எடுத்துப்போன புத்தகத்தைத் திருப்பித் தர. "முடிக்கலைன்னு சொல்லச் சொன்னா" என்றார். உன் பேச்சிலிருந்து அந்தப் படத்தை மட்டும் யாரோ வெட்டி எடுத்து, 'அறிவு ஏறிக்கொண்டிருக்கிறது, தொந்தரவு செய்யாதீர்' என்று எழுதி ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறார்கள். சலவைக் கூட மேஸ்திரி கைக்கும் அது போயிருக்கிறது. அவன் அதைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, அழுக்குப் படுக்கை விரிப்புகள் கொட்டுகிற இடத்துக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறான். கிழித்தால் மறுபடி ஒட்டுகிறானாம். "பகல்ல லைப்ரரியில குறட்டை விடுறவ, ராத்திரி இங்க என்ன பண்ணுவ?" என்று எல்லார் முன்னாலும் கேட்கிறானாம்.

நீ கவசம் என்றாய். உன் கவசத்துக்கு யார் தோலை உரித்திருக்கிறாய் என்று பார்த்துக்கொள்.

ரிமோட் விஷயம் நான் சொன்னது உண்மைதான். அன்றைக்கு அது உனக்கு வலித்தது என்று இன்றைக்குத்தான் தெரியும். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்ற எதையும் எடுத்துக்கொள்ளமாட்டேன்.

அண்ணி

*

ஏப்ரல் 2

அண்ணி,

இதை மாநாட்டு ஓட்டல் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எழுதுவதற்குத் தாள் கேட்டால் வரவேற்பு மேசையில் முழிக்கிறார்கள். மாநாட்டுப் பையில் இருந்த விளம்பரத் தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். திருப்பினால் 'உங்கள் நூலகம் உங்களுக்கு முன்பே சிந்திக்கும்' என்று இருக்கும். மன்னியுங்கள்.

வருகிற வழியெல்லாம் தீர்மானமாக இருந்தேன், பேசப்போவதில்லை என்று. இறங்கியதும் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டினார்கள். ஒவ்வொரு ஸ்டாலுக்கு முன்னாலும் போகும்போது அந்த அட்டை 'டிங்' என்கிறது. உடனே ஒரு ஆள் என் பேரைச் சொல்லிக்கொண்டு, பிறந்ததிலிருந்து பழகியவர் மாதிரி கை நீட்டிக்கொண்டு வருகிறார். இத்தனை வருஷம் இதையெல்லாம் நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அண்ணி. ஒரு ஸ்டாலில் மெஷின் ஒன்று தட்டில் கேக் ஏந்திக்கொண்டு உருண்டுகொண்டிருந்தது. நூலகர்கள் எல்லாரும் அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் குழந்தையைக் கொஞ்சுவதுபோல் அதன் கன்னத்தைத் தட்டினார். எங்கே கன்னம் இருக்கிறது அதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

நாள் முழுக்கப் பேச்சுகள். 'வாசகர்' என்ற வார்த்தையை ஒருவரும் சொல்லவில்லை. 'பயனர்', 'பயனர் பயணம்', 'பயனர் தொடுபுள்ளி'. நானும் அப்படித்தான் பேசியிருக்கிறேன். மற்றவர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் நாறுகிறது.

மாநாட்டுக் குழுத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். சலவைக் கூடச் சுவரைப் பற்றியும் சொன்னேன். "அய்யோ, ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார். அந்த இடத்தைப் பழைய பதிவிலிருந்து வெட்டச் சொல்லி உடனே ஆணை போட்டார். வெட்டிவிட்டார்கள், நானே பார்த்தேன். வெளியே பரவியதை மட்டும் யாராலும் பிடிக்க முடியாது. நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். அப்போது சொன்னார்: "ஆனா மேடம், அந்தத் தூங்குற ஸ்லைடுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அது இல்லாம உங்க பேச்சு நிக்குமா?"

நான் பேசமாட்டேன் என்று சொன்னேன். அவருக்குக் கவலையே இல்லை. பக்கத்தில் நின்ற சென்சார் கம்பெனிக்காரர், "பரவால்ல மேடம், நீங்க ரெஸ்ட் எடுங்க, உங்க ஸ்லைடை வெச்சு நான் பேசிடறேன். அந்த ஒரு போட்டோதானே பிரச்சினை? நாங்களே ஒண்ணு செஞ்சுக்கறோம்" என்றார்.

செய்துகொண்டார்கள். சாப்பாட்டு இடைவேளைக்குள் மெஷினிடம் சொல்லி வரைந்துவிட்டார்கள். எங்கேயும் பிறக்காத ஒரு பெண், எங்கேயும் இல்லாத ஒரு நூலகத்தில், புத்தகத்தின் மேல் கன்னம் வைத்துத் தூங்குகிறாள். வாய் நம் ஷிப்ட் அக்காவுக்கு இருந்ததைவிட அகலமாகத் திறந்திருக்கிறது. கம்பெனிக்காரர் அதே இடத்தில் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். அரங்கம் அதே மாதிரி சிரித்தது. நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். மேடையில் நிற்கும்போது அது அலை மாதிரி கேட்கும், உடம்பு லேசாகும். கீழே உட்கார்ந்தால்தான் ஒவ்வொரு தொண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது. எனக்குப் பின்னால் ஒரு ஆள் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். எழுந்து போய் வாந்தி எடுத்தேன். முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது, கழிவறைக் கண்ணாடி, "உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?" என்று கேட்டது. சத்தியமாகக் கேட்டது அண்ணி.

அவர்களை மட்டும் சொல்லி என்ன பயன்? அந்தப் படத்தை ஜனவரியில் என் கேமராவில் பார்த்தபோது முதலில் சிரித்தவள் நான்தான். போர்டையும் அவரையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று இரண்டடி தள்ளி நின்று எடுத்தேன். மெஷின் மறைக்காமல் விட்டது பிற்பாடு. நான் பார்க்காமல் விட்டதுதான் முதல்.

சென்சார்களைக் கழற்ற எனக்கு அதிகாரம் இல்லை. ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு. போட்டவள் நானாக இருந்தும், எடுக்க நான் போதாதாம்.

அந்த அம்மாவை நான் வந்து பார்க்கட்டுமா? எனக்குப் பயமாக இருக்கிறது.

நாத்தனார்

*

ஏப்ரல் 9

அம்மாடி,

நீ வர வேண்டாம், இப்போதைக்கு. நானே போய் வந்தேன். உன் அண்ணனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வாசலிலேயே பிள்ளைகளோடு பந்து விளையாட நின்றுகொண்டார். மனுஷனுக்குச் சில சமயம் அறிவு இருக்கிறது.

உள்ளே ஷிப்ட் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். பகல் முழுக்கத் தூங்காத கண். நான் உன் சார்பாக மன்னிப்புக் கேட்டேன். படத்தை எடுத்தாகிவிட்டது, பேச்சை நீ நிறுத்திவிட்டாய் என்றெல்லாம் சொன்னேன். அவர் மடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்:

"போட்டோ எடுத்தவங்கள எனக்குத் தெரியாது மேடம். அவங்கமேல எனக்கென்ன கோவம்? அந்த போர்டு வெச்சது நீங்கதானே?"

"ஆமா."

"தினமும் நான் கண்ணு முழிக்கறப்ப அது எதிர்ல இருக்கும். இங்கதான் வெப்பாங்க போலன்னு நெனச்சேன். அந்தப் படத்துல பாத்தப்பத்தான்... கிழிஞ்சுபோனதத்தானே பைண்டிங்குக்கு அனுப்புவீங்க? ஓஹோ, நம்மளப் பாத்து இவங்க எல்லாரும் ஆரம்பத்துலேருந்தே இப்படித்தான் சிரிச்சிட்டு இருந்திருக்காங்கன்னு நெனச்சேன்."

எதற்கு வைத்தேன் என்று சொன்னேன். எதிரில் யாரும் உட்கார்ந்து முறைக்கக் கூடாது என்றுதான் என்று சொன்னேன். எனக்கே அது சாக்குபோல் கேட்டது. "இத ஒருநாளாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று வீடு வருகிறவரை யோசித்தேன். அவருக்குத் தெரியாமல் நல்லது செய்கிறோம் என்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. உன்னைத் திட்டி இத்தனை பக்கம் எழுதியவள், அவரிடம் ஒரு வாய் பேசியதில்லை. வணக்கம் வைப்பேன், சிரிப்பேன், போர்டை வைப்பேன். நீ ஒரு படம் எடுத்தாய், நான் தினமும் ஒரு போர்டு வைத்தேன். கேட்டுச் செய்ய வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. உன்மேல் இருக்கிறது கொஞ்சம்கூடக் குறையவில்லை, தப்பாக நினைத்துக்கொள்ளாதே.

சென்சார் பற்றியும் சொல்லிவிட்டேன். நாற்காலிக்கு அடியில் என்ன இருக்கிறது, விளக்கு என்ன கேட்கும், எல்லாம். இந்த முறை எதையும் மறைக்கவில்லை.

கிளம்பும்போது, அவர் முடிக்காமல் திருப்பி அனுப்பிய அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. "அங்கேயே இருக்கட்டும். வந்து படிச்சுக்கறேன்" என்றார்.

அண்ணி

*

ஏப்ரல் 20

அண்ணி,

ஓடிவந்து சொல்கிற மாதிரி எழுதுகிறேன். இன்று காலை சென்சார் அறிக்கை வந்தது. எல்லாவற்றிலும் உங்கள் கிளைதான் முதல். அதிலும் ஒரு இருக்கை தனியாக மின்னுகிறது. வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். அட்லஸ் அலமாரிக்குப் பின்னால்! 'முழுக் கவனம், முழுப் பயன்பாடு' என்று போட்டிருக்கிறது. அந்த அம்மா வந்துவிட்டார்கள், இல்லையா? போனில் கேட்கலாம் என்றால் நீங்கள் இன்னும் என் எண்ணைத் திறக்கவில்லை.

இத்தனை நாளுக்கு அப்புறம் இப்போதுதான் மூச்சு விடுகிறேன். மெஷின் சொன்னாலும் பரவாயில்லை, நல்ல சேதி நல்ல சேதிதானே?

கம்பெனிக்காரர்கள் அந்த இருக்கையைப் பற்றி விசாரிக்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாத்தனார்

*

ஏப்ரல் 28

அம்மாடி,

உன் கடிதம் வந்தபோதே பதில் எழுதியிருப்பேன். உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. இப்போது எழுத வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது.

வந்தார், உண்மைதான். அதே மேசை, அதே நாற்காலி. போர்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார், வைக்கவில்லை. ஆனால் அவர் தூங்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே இருந்தார். பக்கம் திருப்பவில்லை, விளக்கு பேசிவிடாமல் இருக்க அவ்வப்போது தலையை மட்டும் அசைத்தார். கண் சொருகும்போதெல்லாம் நகத்தால் உள்ளங்கையைக் கீறிக்கொண்டார். நான் பார்த்தேன். இரவெல்லாம் ரத்தக்கறை விரிப்புகளைத் துவைத்துவிட்டு வந்த உடம்பு, விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் உன் மெஷின் 'முழுக் கவனம்' என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் அப்படித்தான். "தூங்குங்கக்கா" என்று போய்ச் சொன்னேன். "வரல மேடம். கண்ணை மூடினா யாரோ பாக்கற மாதிரியே இருக்கு" என்றார். தூக்கத்தை அலமாரியிலிருந்து எடுத்தா கொடுக்க முடியும்?

உன் கம்பெனிக்காரர் கேமராவோடு வந்தார். யாரும் சொல்லவில்லையாம், அவரே கண்டுபிடித்தாராம். ஷிப்ட் அக்காவை 'மாதிரி வாசகர்' என்று படம் எடுக்க வேண்டுமாம். நான் அவரை வாசலோடு அனுப்பிவிட்டேன். என்ன சொல்லி அனுப்பினேன் என்பதை எழுத்தில் வைக்க வேண்டாம்.

அவர் போன பிறகு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே போய் ஷிப்ட் அக்காவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். "அக்கா, நான் கொஞ்சம் கண்ணை மூடிக்கறேன். பாத்துக்குவீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். நான் மேசையில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டேன். வேலை நேரத்தில், அடையாள அட்டையோடு, எல்லாரும் பார்க்க. செய்தித்தாள் பெரியவர் தாளைக் கீழே போட்டுவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் என் தலைக்கு மேலே அந்தத் தேன் குரல். "வணக்கம்! உங்களுக்கு உதவி தேவையா?" நான் அசையவில்லை. மறுபடி, "வணக்கம்! உங்களுக்கு..."

"ஏய், சும்மா இரு! தூங்கறாங்கல்ல?" ஷிப்ட் அக்காதான். விளக்கின் கழுத்தைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்புகிற சத்தம் கேட்டது. திருப்பின பிறகும் அது சுவரைப் பார்த்து உதவி தேவையா என்று கேட்டுக்கொண்டிருந்தது. மாஸ்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு யார்மேலும் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டே நான் நிஜமாகத் தூங்கிப்போனேன்.

எழுந்தபோது அவர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தார். "யாரு கொன்னதுன்னு தெரிஞ்சுபோச்சு மேடம். சொல்லலாம்னா நீங்க தூங்கிட்டு இருந்தீங்க" என்றார். புத்தகத்தை மூடினார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, இப்ப நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்தார். சாய்த்ததுதான் தெரியும். வாய் திறந்துகொண்டது. நான் சாயங்காலம்வரை அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. கவுண்டரை அட்டெண்டர் பார்த்துக்கொண்டார்.

இதுதான் நடந்தது. இன்று எனக்கு ஒரு மெமோ வந்திருக்கிறது. 'பணி நேரத்தில் உறங்கியமை, கருவியைத் திருப்பத் தூண்டியமை, இருக்கைப் பயன்பாட்டைக் குறைத்தமை' என்று. கீழே உன் கையெழுத்து. நீ போட்டிருக்கமாட்டாய் என்று தெரியும். மெஷினே போட்டுக்கொள்ளும்படி நீ அதற்குள் ஏற்றிக் கொடுத்திருக்கிறாய் என்று அட்டெண்டர் சொன்னார். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற வசதியையும் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

விளக்கம் கேட்டிருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டேன், உனக்கும் ஒரு நகல் இங்கேயே: தூக்கம் வந்தது, தூங்கினேன். நாளைக்கும் தூங்குவேன். ஒருவர் தூங்கினால் ஒருவர் பார்த்துக்கொள்வோம் என்று இங்கே பேசி வைத்திருக்கிறோம். பெரியவரும் மாஸ்டரும் சேர்ந்துகொண்டார்கள்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் போன் செய்யாதே, மெயில் அனுப்பாதே, விளக்கை விட்டுக் கேட்காதே. இங்கே யாரையாவது எழுப்பியே ஆக வேண்டுமென்றால், நீயே நேரில் வந்து, தோளைத் தொட்டு எழுப்பு.

அண்ணி